பதினாறாம் மாடிக்கு மேல்

மின்தூக்கி பழுதுபார்ப்பவன் நான்.
நானே படியில் ஏறுவதைக் கண்டு
புளோக்கில் பலரும் பயந்துபோனார்கள்.
ஒன்பதாம் மாடி ரொஹானா
கதவைப் பாதி திறந்து கேட்டார்:
"லிஃப்ட் ரோசாக்கா?"
இல்லைக்கா என்றேன்,
மூச்சு மிச்சம் இருந்த அளவுக்கு.
முதுகுப் பையில்
ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் இரண்டு.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குக்கு
இருநூற்று எழுபது படி.
அதற்கும் மேலே ஒன்பது.
பிறகு பூட்டிய இரும்புக் கதவு.
எத்தனையோ புளோக்குகளின் மேல்கதவுச் சாவி
என் இடுப்பில் தொங்குகிறது.
இந்தக் கதவு மட்டும் வேறு கம்பெனிக்கு.
நாளுக்கு நான்கு தடவை
அதைத் தொட்டுவிட்டு இறங்குவேன்.

"அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?"
சூப்பர்வைசர் சியா கேட்டார்.
ஒன்றும் இல்லையாம் என்றேன்.
"ஒன்றும் இல்லாததற்கு எட்டு நாள் லீவா?"
கையெழுத்துப் போட்டார்.

சாலை ஒரு டீக்கடையில் முடிந்தது.
அங்கிருந்து ஆறு மணி நேரம்,
கழுதைச் சாணத்தை அடையாளம் வைத்து.
தர்கோட்டில் பதினொரு வீடு.
புகை வந்தது நான்கில்.

பிமலா நேகியின் வீட்டில் தங்கினேன்.
என் இந்தி
வெல்டர் சந்தேஷிடம் ஓவர்டைமில் கற்றது.
அதில் பாதி திட்டுவதற்கானது.
மீதியை வைத்துக்கொண்டு பேசினேன்.
உங்கள் ஊரில் மலை உண்டா என்றாள்.
ஒன்று. நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
ஆட்டுக்குட்டியின் உயரம் கேட்பதுபோல்
தொடையருகே கையை வைத்து
"இவ்வளவா?" என்றாள்.
சிரிக்கவில்லை.
எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

முதல் இரவு தூங்கவே இல்லை.
பதினெட்டு ஆண்டு மோட்டார் அறையில் கிடந்த காது
எங்கே பழுது, எங்கே பழுது என்று
இருட்டில் எழுந்து தேடியது.
பெல்ட் அறுந்ததா? மின்சாரம் போனதா?
எதுவோ நின்றுபோயிருக்கிறது,
யாரோ உள்ளே மாட்டியிருக்கிறார்கள்...
மூன்று மணிக்குச் சுவருக்கு அப்பால்
மாடு அசைபோடும் சத்தம்.
சரி, ஏதோ ஓடுகிறது என்று
அப்போதுதான் கண்ணை மூடினேன்.

மூன்றாம் நாள் ரேஷன் வந்தது.
வந்தது என்றால்,
டீக்கடை வரைக்கும்.
பிமலா இறங்கிப் போய்
இருபத்தைந்து கிலோ மூட்டையை
நெற்றிப் பட்டையில் தாங்கி ஏறினாள்.
கூடப் போன நான்
அவள் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
இடது செருப்பில் சணல் கட்டியிருந்தது.
வீட்டில் பயிற்சி எடுத்தாயாமே, எப்படி என்றாள்.
பையில் அரிசி வைத்துப் படி ஏறினேன்.
"மேலே யாருக்கு?"
யாருக்கும் இல்லை. மறுபடி இறக்கிவிடுவேன்.
அவளுக்குப் புரியவில்லை.
என் இந்தி சரியில்லை என்று
மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டாள்.
மூன்று விதமாகவும் அதையே சொன்னேன்.

திரும்பி வந்து ஐந்து வாரம்.
சனிக்கிழமை மதியம் எங்கள் மின்தூக்கி
நிஜமாகவே ரோசாக்.
கீழ்த்தளத்தில் ரொஹானா,
காலருகே பத்து கிலோ அரிசி,
தபால் பெட்டிகளில் சாய்ந்தபடி.
என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது:
"நீதானே சரிபண்ணுகிறவன்!"
இது வேறு கம்பெனிக்கா, என்றேன்.
மூட்டையைத் தோளில் போட்டேன்.

நூற்று நாற்பத்து நான்கு படி.
அதே பத்து கிலோதான்,
எடை மட்டும் வேறு.
அடுப்படியில் இறக்கி வைத்தேன்.
மைலோ கலக்கட்டுமா என்றார்.
அப்புறம் என்றேன்,
கால் ஏனோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து, பதின்மூன்று, பதினாறு.
அதற்கும் மேலே ஒன்பது படி.
பூட்டிய கதவில் காதை வைத்தேன்.
மோட்டார் ஓடவில்லை.
அந்தப் பக்கம்
பதினொரு வீடு இருந்தாலும் இருக்கும்.

வேறு கம்பெனிக்காரன் வந்து சேர
எப்படியும் நாற்பது நிமிடம் ஆகும்.
படியில் உட்கார்ந்தேன்.